புதியவராற் பண்பாடு கெடுகின்றதா? – இணையச் சமூகங்களை முன்வைத்து ஒரு மறுப்புரை

நெடுநாள் நிலைபெற்ற எந்தக் கூட்டத்தாரிடத்தும் ஒரு முறைப்பாடு தவறாமற் கேட்கும். "முன்னர் இவ்விடம் இப்படி இருந்ததில்லை, புதியவர்கள் வந்தார்கள், எல்லாம் கெட்டது" என்பதே அது. கிராமத்து வாசிகசாலையிலும், நாடக மன்றத்திலும், பல்கலைக்கழக விடுதியிலும் கேட்டுப் பழகிய இக்குரல், கடந்த நாற்பது ஆண்டுக் காலத்தில் இணையவழிச் சமூகங்களிலும் ஒலிக்கத் தொடங்கியுள்ளது. ஒருவரையொருவர் முகங்கண்டறியாத மாந்தர் பொதுவான ஆர்வமொன்றினாற் கூடி, பெரிதும் எழுத்தினாலேயே உறவாடி, தமக்கென வழக்காறுகளையும் விதிகளையும் உருவாக்கிக்கொண்ட இடங்கள் அவை. அங்கும் பழையவர் உளர், புதியவர் வருகின்றனர், வந்தவர்மீது குற்றம் சுமத்தப்படுகின்றது.

இக்குற்றச்சாட்டை ஆராயாது ஏற்போர் ஒரு சாரார். "விதியும் வேண்டா, மரபும் வேண்டா, வருபவர் தமக்கு விருப்பமானபடி எழுதட்டும், கட்டுப்பாடு யாவும் அடக்குமுறையே" என்போர் மற்றொரு சாரார். எதிரெதிர்த் துருவங்களாகத் தோன்றும் இவ்விரு சாராரும் உண்மையில் ஒரே தவற்றைச் செய்கின்றனர். மரபு என்பது கற்பிக்கப்படுவதனால் உயிர்வாழ்வது என்பதை இருவரும் மறந்துவிடுகின்றனர். முன்னவர் கற்பிக்காமலே கீழ்ப்படிவை எதிர்பார்க்கின்றனர். பின்னவர் கற்க வேண்டியது எதுவுமில்லை என்கின்றனர். புதியவரின் வருகையினாற் பண்பாடு கெடுவது அரிது. காரணங்கூறிக் கற்பிக்கும் பொறுப்பினைப் பழையவர் கைவிடும்பொழுதே அது கெடுகின்றது. இணையச் சமூகங்களின் வரலாறு இதற்குப் போதிய சான்றுகளை அளிக்கின்றது.

யூஸ்நெற்றும் முடிவில்லாச் செப்டெம்பரும்

இவ்விவாதத்தின் தோற்றுவாயை அறிய யூஸ்நெற் என்னும் வலையமைப்பின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள டியூக் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின்படிப்பு மாணவர் இருவர் 1979 ஆம் ஆண்டிலே சிந்தித்து, 1980 ஆம் ஆண்டிலே நடைமுறைக்குக் கொண்டுவந்த அமைப்பு அது. பல்கலைக்கழகங்களினதும் ஆய்வு நிறுவனங்களினதும் கணினிகள் தம்முட் செய்திகளைப் பரிமாறிக்கொள்ள, பொருள்வாரியாகப் பிரிக்கப்பட்ட 'செய்திக்குழுக்களில்' மக்கள் கூடி விவாதித்தனர். உலகளாவிய வலை தோன்றுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முற்பட்ட காலம் அது.

அவ்வமைப்பின் பழைய உறுப்பினர்கள் ஆண்டுதோறும் ஒரு மாதத்தை அச்சத்தோடு எதிர்நோக்கினர். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிற் கல்வியாண்டு தொடங்கும் செப்டெம்பர் மாதத்திற் புதுமுக மாணவர்கள் முதன்முறையாக வலையமைப்பினுள் நுழைவர். முன்பே விடையளிக்கப்பட்ட வினாக்களைக் கேட்பர்; பொருந்தாத குழுவிற் பொருந்தாத செய்தியை இடுவர். பழையவர்கள் அவர்களைத் திருத்துவர்; 'அடிக்கடி கேட்கப்படும் வினாக்கள்' என்ற பெயரில் தொகுத்து வைத்த விடைகளைக் காட்டுவர். சில வாரங்களிற் புதியவர் வழக்காறுகளைப் பழகிக்கொள்வர், அல்லது விலகிச் செல்வர். அடுத்த செப்டெம்பர் வரும்வரை அமைதி நிலவும்.

1993 ஆம் ஆண்டு முதல் இந்நிலை மாறிற்று. பல்கலைக்கழகங்களுக்கு வெளியே, கட்டணம் செலுத்திய பொதுமக்களுக்கு வணிக நிறுவனங்கள் யூஸ்நெற்றைத் திறந்துவிடத் தொடங்கின. அமெரிக்கா ஒன்லைன் நிறுவனம் 1994 ஆம் ஆண்டின் முற்பகுதியில் தன் சந்தாதாரர்களை உள்ளே அனுமதித்தது. ஆண்டுக்கொரு முறை வந்த அலை நாள்தோறும் வரலாயிற்று. 1993 செப்டெம்பர் மாதம் முடிவடையவே இல்லையென்ற கசப்பான நகைச்சுவை பழையவரிடையே பிறந்தது. 'முடிவில்லாச் செப்டெம்பர்' என்னும் அத்தொடர் இன்றும் புதியவர்மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டின் சுருக்கக் குறியீடாக வழங்கி வருகின்றது.

ஆனால் இந்நிகழ்ச்சியின் உட்பொருள் யாது? 1993 க்கு முன்னரும் புதியவர்கள் அறியாமையோடுதான் வந்தனர். அவர்களை ஏற்றுக்கொள்ள அச்சமூகத்தினால் முடிந்தது. ஏனெனில், பழையவர் தொகை மிகுதி, புதியவர் தொகை குறைவு. கற்பிப்போர் இருந்தனர், கற்பதற்கு அவகாசமும் இருந்தது. பின்னர் மாறியது வந்தவரின் குணம் அன்று. வருவோருக்கும் கற்பிப்போருக்கும் இடையிலான விகிதமே மாறிற்று. இலாபநோக்கில் வாயிலைத் திறந்த நிறுவனங்கள் உள்ளே செல்பவருக்கு அவ்விடத்தின் வழக்காற்றைப் பயிற்றுவிக்கும் பொறுப்பை ஏற்கவில்லை. சந்தா கொடுத்துச் சேவை பெற்ற மனிதன் தான் ஒரு சமூகத்தினுள் நுழைகின்றான் என்பதையே அறியாதிருந்தான். அவனைப் பழித்தவர்கள், அவனை அந்நிலையில் உள்ளே தள்ளிய பொருளாதார உறவுகளைக் கண்டுகொள்ளவில்லை.

இதே காலத்திற்குரிய மற்றுமொரு நிகழ்ச்சி ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 1994 ஏப்ரல் மாதத்தில் அரிசோனா மாநிலத்தைச் சேர்ந்த சட்டத்தரணித் தம்பதியர் இருவர், குடிவரவு அனுமதிக்கான குலுக்கல் தொடர்பாகத் தம் தொழிலை விளம்பரப்படுத்தும் செய்தியை ஆயிரக்கணக்கான செய்திக்குழுக்களில் ஒருங்கே இட்டனர். உலகெங்கிலுமிருந்து கண்டனம் எழுந்தபோதும் அவர்கள் வருந்தவில்லை; அதனைச் சிறந்த வணிக உத்தியென நியாயப்படுத்தினர். இவர்களையும், தவறான குழுவில் அப்பாவித்தனமாக வினாவெழுப்பிய மாணவனையும் 'புதியவர்' என்ற ஒரே சொல்லால் அழைப்பது பெருந்தவறு. ஒருவன் வழக்காற்றை அறியான். மற்றவர் அறிந்தும் மதியார். அறியாமைக்கு மருந்து கற்பித்தல். சுரண்டலுக்கு மருந்து கண்டனமும் விலக்கலும். இரண்டையும் வேறுபடுத்தாத பழையவர்கள், சுரண்டுபவன்மீது கொண்ட சினத்தை அறியாதவன்மீது தீர்த்துக்கொள்கின்றனர்.

மரபில் இருவகை

பழையவர் காக்க விரும்பும் 'பண்பாடு' முழுவதும் ஒரே தன்மையதன்று. பகுத்து நோக்குமிடத்து அதனுள் இருவகை வழக்காறுகள் விரவிக் கிடப்பதைக் காணலாம். முதலாவது வகை, காரணமுடைய வழக்காறுகள். விக்கிப்பீடியாக் கலைக்களஞ்சியத்தின் பேச்சுப் பக்கங்களிற் கருத்துரைப்பவர் தம் கருத்தின் இறுதியில் நான்கு அலைக்குறிகளை இடுதல் வேண்டும். புதியவருக்கு இது பொருளற்ற சடங்காகத் தோன்றும். ஆனால் அக்குறிகள் எழுதியவரின் பெயராகவும் நேரமாகவும் மாறும் என்றும், யார் எப்பொழுது சொன்னார் என்பது தெரியாவிடின் விவாதமே குழம்பிப்போகும் என்றும் இரண்டு வசனங்களில் விளக்கிவிட்டால் அவர் அதனை மறக்கமாட்டார். ஆதாரம் காட்டுதல், பிறர் எழுத்தைப் பகர்த்து ஒட்டாதிருத்தல், வினாவெழுப்பு முன் முன்னைய விடைகளைத் தேடிப்பார்த்தல் ஆகியனவும் இத்தகையனவே.

இரண்டாவது வகை, காரணமின்றி மூப்பினை மாத்திரம் பறைசாற்றும் வழக்காறுகள். உள்வட்டத்தாருக்கு மாத்திரம் விளங்கும் குறுக்கச் சொற்களால் விடையளித்தல், புதியவரின் பிழையைப் பலர் காணத் தூற்றி நகைத்தல், 'இது இங்கே இப்படித்தான்' என்று கூறி மேற்பேச்சுக்கு இடமளிக்காமை என்பன இவ்வகையின. இவற்றைக் காப்பாற்றுவதனால் அச்சமூகத்தின் நோக்கத்திற்கு யாதொரு பயனுமில்லை. முன்னே வந்தவர் என்ற ஒரே தகுதியை அதிகாரமாக்கிக்கொள்ளும் முயற்சி அது.

இவ்விரண்டையும் பிரித்தறிய எளிய அளவுகோலொன்று உண்டு. வழக்காற்றின் காரணத்தைப் புதியவரிடம் வெளிப்படையாகச் சொல்ல இயலுமா என்று கேட்டுப் பார்க்கலாம். சொல்ல இயலுமாயின் அது காக்கத்தக்கது. 'நாங்களும் இப்படித்தான் பட்டோம்' என்பதற்கு மேல் எதுவும் சொல்ல இயலாதாயின் அது கைவிடத்தக்கது. புதியவரின் வினாவுக்கு அஞ்சுகின்ற மரபு, தனக்குக் காரணமில்லை என்பதைத் தானே ஒப்புக்கொள்கின்றது.

எண்கள் கூறும் உண்மை

மேற்கூறியது வெறும் அறவுரை என்று ஒதுக்குவோர் ஆங்கில விக்கிப்பீடியாவின் வரலாற்றை நோக்குதல் நன்று. 2001 ஜனவரியில் தொடங்கிய அக்கலைக்களஞ்சியத்திற்குத் தொடர்ந்து பங்களிப்போர் தொகை 2007 ஆம் ஆண்டில் ஐம்பதாயிரத்தைத் தாண்டி உச்சமடைந்தது. அதன்பின் அத்தொகை வீழ்ச்சியுற்று, 2013 அளவில் ஏறத்தாழ முப்பதாயிரமாயிற்று. வாசகர் தொகை பெருகிய அதே காலத்தில் எழுதுவோர் தொகை குறைந்தமைக்குக் காரணம் யாது என்ற வினா எழுந்தது.

2013 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் நால்வர் வெளியிட்ட ஆய்வொன்று இதற்கு விடை கண்டது. புதியவர்களின் தரம் தாழ்ந்துவிட்டது என்பதே பழையவர்களின் பொதுவான நம்பிக்கையாக இருந்தது. ஆயின், நல்நோக்குடன் வரும் புதியவரின் விகிதம் 2006 க்குப் பின்னர் பெரிதும் மாறவில்லை என ஆய்வு காட்டிற்று. மாறியது அவர்களை எதிர்கொண்ட முறையே. விசமத் தொகுப்புகளின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும்பொருட்டு உருவாக்கப்பட்ட தானியங்கிக் கருவிகள், நல்நோக்குடன் செய்யப்பட்ட முதற் பங்களிப்புகளையும் நொடிப்பொழுதில் அழித்தன. பங்களித்தவருக்குக் கிடைத்தது ஒரு மனிதரின் விளக்கமன்று. முன்கூட்டியே வார்க்கப்பட்ட எச்சரிக்கை வாசகமே. அவர்கள் மீண்டும் வரவில்லை. அத்துடன் விதிகள் இறுகிப்போயின. அவற்றை ஆக்குவதிலும் மாற்றுவதிலும் புதியவருக்கு இடமில்லாது போயிற்று.

இதிலுள்ள முரண் கவனிக்கத்தக்கது. 'புதிதாக வருவோரைக் கடிக்காதீர்' என்பது அதே விக்கிப்பீடியாவின் நெறிமுறைகளுள் ஒன்று. விதி ஏட்டில் இருந்தது; அதனைச் செயற்படுத்தவேண்டிய மனித உழைப்போ இயந்திரத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பண்பாட்டைக் காப்பதாகக் கூறிச் செய்யப்பட்ட செயல், அப்பண்பாட்டை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசெல்லவேண்டியவர்களையே துரத்திவிட்டது. இக்குறையை உணர்ந்தோர் 2012 ஆம் ஆண்டிற் புதியவர் அச்சமின்றி வினாவெழுப்புவதற்கெனத் 'தேநீர்க் கூடம்' என்னும் பொருள்படப் பெயரிட்ட இடமொன்றை அமைத்தனர். அங்கு மனிதர் மனிதருக்கு விடையளித்தனர். அங்கே வரவேற்கப்பட்டோர் தொடர்ந்து பங்களிக்கும் வாய்ப்பு மிகுதி என்பதையும் பின்னைய ஆய்வுகள் உறுதிசெய்தன.

தமிழ் விக்கிப்பீடியாவின் அனுபவம்

தமிழ் வழியிற் கற்போருக்கு இவ்விடயம் தூரத்துச் செய்தியன்று. 2003 ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இவ்வனுபவங்கள் அனைத்தையும் தன்னளவிற் கண்டுள்ளது. அதன் தொடக்க காலத்தில் ஏறக்குறையத் தனியொருவராக நின்று அடித்தளமிட்டவர் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிற் பிறந்த இ. மயூரநாதன் ஆவார். ஆயிரக்கணக்கான கட்டுரைகளை ஆக்கிய அவருக்குக் கனடாத் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015 ஆம் ஆண்டுக்குரிய இயல் விருதினை வழங்கிற்று. ஈழத்தவரும் தமிழகத்தவரும் புலம்பெயர்ந்தோரும் ஒன்றுசேர்ந்து வளர்த்த அக்களஞ்சியம் 2017 ஆம் ஆண்டில் ஓர் இலட்சம் கட்டுரைகளைக் கடந்தது.

அச்சமூகம் தன் இடங்களுக்கு இட்டுள்ள பெயர்களே அதன் பண்பினைக் காட்டுவன. பொதுவான உரையாடல்கள் நிகழும் இடத்திற்கு 'ஆலமரத்தடி' என்று பெயர். புதியவர் பிழையஞ்சாது எழுதிப் பழகும் பக்கத்திற்கு 'மணல்தொட்டி' என்று பெயர். ஏடு தொடக்கிய பிள்ளை மணலில் எழுதிப் பழகிய திண்ணைப் பள்ளிக்கூடத்தின் நினைவு இப்பெயரைக் காண்போருக்கு எழாமற் போகாது. மணலில் எழுதிய பிழை அழிந்துவிடும். எழுதிய கை பழகிவிடும். பிழைவிடுவதற்கென ஓரிடத்தை ஒதுக்கித் தருவது, புதியவரின் பிழையைக் குற்றமாக அன்றிப் பயிற்சியின் ஒரு படியாகக் கருதும் மனப்பாங்கின் வெளிப்பாடாகும்.

இம்மனப்பாங்கு கடும் சோதனைக்குள்ளான காலமும் உண்டு. 2009 ஆம் ஆண்டு முதல் கூகுள் நிறுவனம், தனது மொழிபெயர்ப்புக் கருவியின் துணையுடன், ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் முதலிய மொழிகளின் விக்கிப்பீடியாக்களிற் பெருந்தொகையாகச் சேர்க்க முற்பட்டது. வந்தவர்கள் அச்சமூகத்தோடு உரையாட வந்தவர்கள் அல்லர்; சொற்கணக்கை நிறைவுசெய்ய வந்தவர்கள். தமிழ் வாசகனின் தேவையை நோக்காத தலைப்புகளும், ஆங்கில வாக்கிய அமைப்பைச் சுமந்த நடையும், உடைந்த இணைப்புகளும் மலிந்த நெடுங்கட்டுரைகள் குவிந்தன. வங்காள விக்கிப்பீடியாவினர் அத்தகைய கட்டுரைகளை ஏற்க மறுத்தனர். தமிழ் விக்கிப்பீடியர்களோ வேறொரு வழியை மேற்கொண்டனர். குறைகளைத் தொகுத்து நிறுவனத்தாரிடம் முன்வைத்தனர். தலைப்புத் தெரிவிலும் தரத்திலும் சமூகத்தின் கருத்துக்கு இடமளிக்குமாறு கோரினர். மொழிபெயர்ப்பாளர்களைச் சமூகத்தோடு தொடர்புகொள்ளச் செய்ய முயன்றனர். 2010 ஆம் ஆண்டிற் போலந்தின் கிடான்ஸ்க் நகரில் நடைபெற்ற விக்கிமேனியா மாநாட்டில் இவ்வனுபவம் திறனாய்வாகவே முன்வைக்கப்பட்டது.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிவு தெளிவானது. தொகை மிகுந்தவிடத்து வேகத்தைக் குறைக்குமாறு கேட்பது பழையவரின் உரிமை. அது பண்பாட்டைக் காக்கும் நேரிய வழியுமாகும். வாயிலில் நிறுத்தி வழி சொல்வதற்கும் வாயிலை அடைப்பதற்கும் இடையே பாரிய வேறுபாடு உண்டு. சமூகத்தோடு பேசாது எண்ணிக்கையை மாத்திரம் குறியாகக் கொண்டு ஒருவரைக் கொணர்ந்து தள்ளுபவரே கண்டனத்துக்குரியவர். கூலிக்கு மொழிபெயர்த்த அந்தத் தொழிலாளியின் நிலை, சந்தா கட்டி யூஸ்நெற்றினுள் நுழைந்த மனிதனின் நிலையை ஒத்தது.

எம்மிடையே நிகழ்ந்தவை

பழையவர் கூறும் 'கெட்டுவிட்டது' என்னும் தீர்ப்பு எத்துணை நம்பத்தக்கது என்பதை அறிய ஈழத்து இலக்கிய வரலாற்றையும் ஒருகணம் நோக்கலாம். இலக்கியமும் ஒருவகையில் நிலைபெற்ற சமூகமே. அதற்கும் வாயிற்காவலர் உண்டு. 1945 ஆம் ஆண்டின் இலவசக் கல்வித் திட்டமும் தாய்மொழிக் கல்வியும் எழுத்துலகிற்குப் புதியவர்களைக் கொண்டுவந்தன. ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வந்த அவர்கள் தம் மக்களின் பேச்சுமொழியைச் சிறுகதையிலும் நாவலிலும் கையாண்டனர். 1960 களின் தொடக்கத்தில் எழுந்த மரபுப் போராட்டத்தில் அவ்வெழுத்து 'இழிசனர் வழக்கு' என இகழப்பட்டது. தமிழ் கெட்டுவிட்டது என்று ஓலமிடப்பட்டது. ஆனால் நடந்தது யாது? டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' சாகித்திய மண்டலப் பரிசினைப் பெற்றது. 1966 இல் அவர் தொடங்கிய மல்லிகை பல தலைமுறை எழுத்தாளருக்குக் களமாயிற்று. கே. டானியலின் 'பஞ்சமர்' 1972 இல் வெளிவந்தது. இன்று ஈழத்து இலக்கிய வரலாறு எழுதப் புகும் எவரும் இவர்களைத் தவிர்த்து எழுதவியலாது. அன்று கெடுத்தவராகக் கருதப்பட்டோர் மரபிற்குப் புதுக்குருதி பாய்ச்சியவர் என்பதைக் காலம் காட்டிவிட்டது. புதியவர் மரபை மாற்றுவர் என்பது உண்மை. மாற்றம் யாவும் கேடு என்று கொள்வதுதான் பொய்.

மற்றொன்று இதனிலும் அண்மையது. இவ்விதழைக் கையிலெடுக்கும் ஒவ்வொரு மாணவரையும் தொடுவது. பகிடிவதையை நியாயப்படுத்துவோர் இன்றும் கையாளும் வாதம், இணையத்து வாயிற்காவலரின் வாதத்தோடு சொல்லுக்குச் சொல் ஒத்துள்ளது. புதுமுக மாணவருக்குப் பல்கலைக்கழகப் பண்பாட்டைப் பழக்குகின்றோம் என்பர். ஏற்றத்தாழ்வுகளை நீக்கிச் சமப்படுத்துகின்றோம் என்பர். நாங்களும் இதனைக் கடந்துதான் வந்தோம் என்பர். இந்நாட்டில் இவ்வழக்கத்தின் விளைவாக 1975 ஆம் ஆண்டில் ஒரு மாணவி விடுதி மாடியிலிருந்து குதித்து உடல் செயலிழந்ததையும், 1997 ஆம் ஆண்டில் மாணவர் உயிரிழந்ததையும், அதன்பின் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியதையும் அறிந்திருந்தும் இவ்வாதம் ஓயவில்லை.

மேலே கூறப்பட்ட அளவுகோலை இங்கு வைத்துப் பார்ப்போம். நூலகத்தை எவ்வாறு பயன்படுத்துவது, விரிவுரைக் குறிப்பை எவ்வாறு எடுப்பது, மாணவர் ஒன்றியத்தில் எவ்வாறு வாக்களிப்பது, இடர்வந்தால் எவரிடம் செல்வது என்பன காரணமுடைய வழக்காறுகள். இவற்றைக் கற்பிக்கச் சிரேட்ட மாணவரொருவருக்கு ஒரு மாலைப்பொழுதும் ஒரு கோப்பைத் தேநீரும் போதும். தலைகுனிந்து நட, இன்ன நிறத்து உடை உடு, பெயர் கேட்டால் வசைச்சொல்லாற் பதில் சொல் என்பனவற்றுக்குக் கூறத்தக்க காரணம் யாது? 'நாங்களும் பட்டோம்' என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. அவமானத்தினாற் பயில்பவன் மரபைக் கற்பதில்லை, அவமானப்படுத்தக் கற்கின்றான். அடுத்த ஆண்டு அவன் கையில் அதிகாரம் வந்ததும் தான் கற்றதையே கற்பிக்கின்றான். முன்னேர் சென்ற வழியே பின்னேர் செல்லும் என்ற முதுமொழி இங்கு கொடிய முறையில் மெய்யாகின்றது.

புதியவரின் கடப்பாடு

இவ்வளவும் கூறியதனாற் புதியவருக்குக் கடமை எதுவுமில்லை என்று எவரும் கொள்ளலாகாது. 1995 ஒக்டோபரில் வெளியிடப்பட்ட இணைய ஒழுக்கநெறிகளின் தொகுப்பொன்று, புதியவர் எதையும் எழுதுமுன் ஓரிரு மாதங்கள் அவ்விடத்து உரையாடலை வாசித்துக்கொண்டிருத்தல் வேண்டும் என அறிவுறுத்திற்று. காலம் மாறியிருப்பினும் அறிவுரையின் சாரம் மாறவில்லை. பிறர் உழைத்து அமைத்த இடத்தினுள் நுழைபவர், அவ்வுழைப்பு எத்தகையது என்பதைப் பார்த்தறிய வேண்டும். எழுத்துப்பிழை திருத்தல் போன்ற சிறு பணியிலிருந்து தொடங்குதல் வேண்டும். தன் எழுத்து மாற்றப்பட்டவிடத்து, இகழப்பட்டதாகக் கொள்ளாது, காரணத்தைக் கேட்க வேண்டும். காரணம் சரியாயின் ஏற்கவும், தவறாயின் பண்போடு மறுக்கவும் வேண்டும். 'எனக்கு உரிமை உண்டு' என்ற ஒரே வாசகத்தோடு வருபவன் அப்பொதுவிடத்தைத் தன் வீட்டுக் கொல்லையாக்குகின்றான். விதியெல்லாம் அடக்குமுறை என்று கூறும் சாரார் இவனையே சுதந்திரத்தின் வடிவமாகக் காட்டுகின்றனர். விதிகள் அற்ற இடத்தில் உரத்த குரலும் ஓய்வுநேரமும் உடையவனே ஆள்வான். மெலிந்த குரலோன் முதலில் வெளியேறுவான்.

பழையவர் தரப்பில் எஞ்சிநிற்கும் நியாயமான குறை ஒன்று உண்டு. அவர்கள் ஊதியமின்றி உழைப்போர். ஒரே வினாவுக்கு நூறாவது முறை விடையளிப்பது சலிப்பூட்டும் பணி. இதனை மறுப்பதற்கில்லை. ஆனால் நூறாவது முறை கேட்பவர் முதன்முறை கேட்கின்றார் என்பதே உண்மை. ஆசிரியத் தொழிலின் இயல்பே இதுதான். ஒரே பாடத்தை ஆண்டுதோறும் புதிய முகங்களுக்குக் கூறும் ஆசிரியர், முதல் வரிசை மாணவன் சென்ற ஆண்டே இதனை அறிந்திருக்க வேண்டுமென்று சினப்பதில்லை. சலிப்புக்கு மருந்து, விடைகளைத் தெளிவாக எழுதி வைத்தலும், கற்பிக்கும் பணியைப் பலர் பகிர்ந்துகொள்ளலும், நேற்றுவரை புதியவராயிருந்தவரை இன்று கற்பிப்பவராக்கலும் ஆகும். மரபை மிகத் தெளிவாக விளக்க வல்லவர், அண்மையில் அதனைக் கற்றவரேயாவர்.

தமிழில் இப்பொறுப்பு இரட்டிப்பாகின்றது. ஆங்கில விக்கிப்பீடியா ஆயிரக்கணக்கானோரை இழந்தும் நிலைத்து நிற்கலாம். தமிழ் விக்கிப்பீடியாவில் மாதந்தோறும் நிலையாகப் பங்களிப்போர் சில நூற்றுவர் மாத்திரமே. அவர்களுள் ஒவ்வொருவரும் ஒரு துறையின் சொல்வளத்தைச் சுமந்து நிற்கின்றனர். கிரந்த எழுத்துப் பயன்பாடு, இலங்கை வழக்கும் தமிழக வழக்கும் வேறுபடுமிடத்து மேற்கொள்ளவேண்டிய முறை முதலியன பற்றி ஆண்டுக்கணக்கில் விவாதித்து அடைந்த இணக்கங்கள் அவர்களிடம் உள்ளன. ஒருநாள் அவர்கள் ஓய்வர். அவ்வேளை அவ்விணக்கங்களை ஏந்திக்கொள்ள எவருமில்லாது போயின், அதற்குப் புதியவரின் அறியாமை காரணமாகாது; முதல் நாளில் முதற் பிழைக்காக விரட்டப்பட்டவர்கள் திரும்பி வராமையே காரணமாகும். தன் பாடத்திற்கு வேண்டிய விளக்கத்தைத் தமிழிலே தேடிக் காணாது ஆங்கிலப் பக்கத்தின் முன் திகைத்து நிற்கும் கலைப்பீட மாணவனே அவ்விழப்பின் விலையைக் கொடுப்பான்.

எனவே பழையவர் தம்மைத் தாமே கேட்கவேண்டிய வினா, 'எத்தனை புதியவரைத் தடுத்தோம்?' என்பதன்று, 'சென்ற ஆண்டு வந்தவருள் எத்தனை பேர் இவ்வாண்டு பிறருக்குக் கற்பிக்கின்றனர்?' என்பதே. இவ்வினாவுக்கு விடைகூற முடிந்த சமூகம், புதியவர் எத்தனை பேர் வரினும் கெடாது. விடைகூற முடியாத சமூகம், புதியவர் எவரும் வராவிடினும் தன்னளவிலேயே தேய்ந்தொழியும். இணையச் சமூகங்களுக்கும், இலக்கிய மன்றங்களுக்கும், அடுத்த மாதம் புதுமுக மாணவரை வரவேற்கவிருக்கும் விடுதிகளுக்கும் இது ஒருசேரப் பொருந்தும்.